ஷாக் வாங்கப் போகுமுன் டேப்பை எடுங்கள்

கொச்சி அருகே குண்டன்னூரில் தேசிய நெடுஞ்சாலை 85 ஏறி, மூவாற்றுப்புழை, கோதமங்கலம், நேரியமங்கலம் தாண்டி மூணாறு. பிறகு போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி தேனி, மதுரை. மட்டாஞ்சேரியின் கே.எல். 43 எண் பலகை மாட்டிய பைக்குகள் தமிழ்நாட்டுக்கு வரும் வழிகளில் இது ஒன்று. ஓட்டுபவர், பின்னால் மனைவி, இரு பக்கமும் பை, கேரியரில் இன்னொரு பை. பின்பக்கச் சுமை முழுவதையும் தாங்குவது இரண்டு ஷாக் அப்சார்பர்கள். அவற்றை மாற்ற நினைப்பவர்கள் கடைக்காரரிடமும் மெக்கானிக்கிடமும் கேட்கும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம்.

பள்ளத்தில் இறங்கினால் முதுகில் குத்துகிறது. ஷாக் போய்விட்டதா?

போயிருக்கலாம். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது டயரில் காற்று. தனியாக ஓட்டும்போது ஓர் அளவு, இருவர் போகும்போது ஓர் அளவு என்று வண்டியின் கையேட்டிலேயே போட்டிருக்கும். காற்று மிகுந்தால் சாலையின் ஒவ்வொரு கல்லும் தெரியும். அடுத்து, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தை இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று ஆட்டம் இருந்தால் குற்றவாளி ஸ்விங் ஆர்ம் புஷ்ஷாகவோ சக்கர பேரிங்காகவோ இருக்கலாம். எவ்வளவு விலை கொடுத்து ஷாக் வாங்கி மாட்டினாலும் அந்த ஆட்டம் போகாது.

இரண்டும் சரியாக இருந்தால் ஷாக்கைப் பாருங்கள். ராடில் எண்ணெய்ப் பிசுக்கு, அதன் மேல் அப்பிய தூசி: சீல் போய்விட்டது. சீட்டின் பின்பகுதியை அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழுந்து அமைதியாக நின்றால் சரி. எழுந்து, இறங்கி, மறுபடி எழுந்தால் உள்ளே எண்ணெய்க்குத் தடுக்கும் வேலை மறந்துவிட்டது.

குத்துவதிலும் இரண்டு வகை உண்டு. ஸ்பிரிங் கெட்டியாக இருந்து குத்துவது ஒன்று. ஸ்பிரிங் மெலிந்து, ஷாக் அடிவரை போய் ரப்பரில் முட்டிக் குத்துவது இன்னொன்று. முதுகுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், மருந்துதான் நேர் எதிர். ராட் கண்ணுக்குத் தெரியும் ஷாக்காக இருந்தால் அதைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் டை ஒன்றைக் கட்டிவிட்டு ஒரு சுற்றுப் போய் வாருங்கள். டை அடி ரப்பர் வரை நகர்ந்திருந்தால் உங்களுக்கு வேண்டியது இன்னும் மென்மையான ஷாக் அல்ல, இன்னும் வலுவான ஸ்பிரிங்.

எந்த கம்பெனி ஷாக் நல்லது?

இது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. பந்தய வண்டிகளால் பெயர் பெற்ற சுவீடனின் ஓலின்ஸ், தாய்லாந்தின் ஒய்.எஸ்.எஸ்., பழைய பிரிட்டிஷ் வண்டிக்காரர்கள் நன்கு அறிந்த இங்கிலாந்தின் ஹேகன் என்று பெயர்கள் பல. விலையும் ஆயிரங்களில் தொடங்கி லட்சத்தை எட்டிப் பார்க்கும். ஆனால் 60 கிலோ ஆளுக்கென்று ஸ்பிரிங் போட்ட விலை உயர்ந்த ஷாக்கில், 85 கிலோ ஆள் மனைவியையும் பைகளையும் ஏற்றிக்கொண்டு போனால் அது சாதாரண ஷாக்கைவிட மோசமாக நடந்துகொள்ளும். ஓட்டுபவரின் எடை, பின்னால் உட்காருபவரின் எடை, சாமான் எடை மூன்றையும் கேட்காமல் ஷாக் எடுத்து நீட்டும் கடையில் வாங்காதீர்கள். என் கருத்து இதுதான்: முதலில் ஸ்பிரிங், அடுத்து டாம்பிங் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் திறன்), கடைசியில் பெயர்.

என் ஸ்பிரிங் எனக்குப் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்கு ஒரு டேப்பும் இரண்டு நண்பர்களும் போதும். செலவில்லை. இருந்தும் இதைச் செய்யாமலேயே பெரும்பாலோர் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின் சக்கரம் தொங்க வேண்டும். அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே, மட்கார்டிலோ பிரேமிலோ ஒரு குறி வைத்து அளந்து கொள்ளுங்கள். இது முதல் அளவு. ஸ்டாண்டிலிருந்து இறக்கி, யாரும் உட்காராமல், வண்டி தன் எடையில் நிற்கும்போது அதே இடத்தில் அளந்தால் இரண்டாம் அளவு. பயணத்துக்குப் போவது போலவே இருவரும் ஏறி, பைகளையும் மாட்டி, கால்களை மேலே வைத்து உட்கார, ஒரு நண்பர் முன்பக்கம் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அளந்தால் மூன்றாம் அளவு. சீல் இறுக்கத்தால் அளவு சற்றுத் தடுமாறும். எனவே சீட்டை லேசாக அழுத்தி விட்டு ஒருமுறை, தூக்கி விட்டு ஒருமுறை அளந்து சராசரி எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் அளவிலிருந்து மூன்றாம் அளவைக் கழித்தால் வருவது ஆளும் சுமையும் ஏறியபோது வண்டி இறங்கிய தூரம். சாலையில் ஓடும் வண்டிக்கு இது பின் சக்கரத்தின் மொத்த அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குள், நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது பொது விதி. 2018-இல் வந்த ராயல் என்பீல்டு இன்டர்செப்டர் 650-க்குப் பின் சக்கர அசைவு 88 மி.மீ. என்று கம்பெனியே சொல்கிறது. அப்படியானால் 22 முதல் 29 மி.மீ. வரை இறங்கலாம். 180 மி.மீ. அசைவு கொண்ட பழைய ஹிமாலயனுக்குக் கணக்கு வேறு, 45-இல் தொடங்கும்.

இந்த இறக்கம் எதற்கு? சக்கரம் மேட்டில் ஏறினால் மேலே போக இடம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பள்ளம் வந்தால் கீழே இறங்கித் தரையைத் தொடவும் இடம் வேண்டும். இறக்கமே இல்லாத வண்டியில் பள்ளத்தின் மேல் டயர் ஒரு நொடி அந்தரத்தில் நிற்கும். மழையில் நனைந்த மலை வளைவில் அந்த ஒரு நொடி பெரிய விஷயம்.

இப்போது முதல் அளவையும் இரண்டாம் அளவையும் ஒப்பிடுங்கள். பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் படியை) ஏற்றி, ஆள் ஏறிய இறக்கத்தைச் சரியாகக் கொண்டுவந்த பிறகு, ஆள் இல்லாத வண்டி கொஞ்சமும் இறங்கவில்லையா? ஸ்பிரிங் உங்கள் சுமைக்கு மெலிது. மாறாக, ஆள் ஏறிய இறக்கம் சரியாக இருந்தும் வெறும் வண்டியே நிறைய இறங்கி நிற்கிறதா? ஸ்பிரிங் தேவைக்கு மேல் கெட்டி. வெறும் வண்டி 10 மி.மீ.யை ஒட்டி இறங்கினால் பழைய ஸ்பிரிங்கே போதும். இந்த மூன்று அளவுகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் கடையில் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

பிரீலோடை முழுக்க ஏற்றிவிட்டால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும்தானே?

ஆகாது. கொக்கி ஸ்பேனரால் படியை ஏற்றும்போது ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கிறோம், அவ்வளவுதான். அதன் பிறகு அது ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுங்கவும் தேவைப்படும் எடை பழையதேதான். வண்டி உயர்ந்து நிற்கும், அதனால் கெட்டியானது போலத் தோன்றும். பயணம் முடிந்து தனியாக ஓட்டும்போது படியைத் திரும்ப இறக்க மறந்தவர்களின் வண்டிதான் பாலத்து இணைப்புகளில் குதித்துக்கொண்டு போகும்.

கேரியரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் பத்துக் கிலோ, பின் சக்கரத்தின் மேல் பத்துக் கிலோவுக்கு அதிகமாகவே இறங்கும். முன் சக்கரத்தையும் கொஞ்சம் தூக்கிவிடும். கனமான சாமானை முன்னுக்கும் கீழுக்கும் நகர்த்திப் பார்த்துவிட்டுப் பிறகு ஷாக்கைக் குறை சொல்லலாம்.

கேஸ் ஷாக் என்றால் உள்ளே முழுவதும் கேஸா? மலைக்கு அதுதான் வேண்டுமா?

உள்ளே வேலை செய்வது எப்போதும் எண்ணெய்தான். பிஸ்டனில் உள்ள சிறு துளைகள் வழியே எண்ணெய் நெருக்கியடித்துப் போகும்போது ஸ்பிரிங்கின் துள்ளல் சூடாக மாறி அடங்குகிறது. எண்ணெயும் காற்றும் ஒரே அறையில் இருக்கும் சாதாரண ஷாக், மோசமான சாலையில் தொடர்ந்து அடிபட்டால், இரண்டும் கலந்து நுரைத்துவிடும். கடையப்பட்ட மோர் போல ஆன எண்ணெய் பிஸ்டனைத் தடுக்காது. காலையில் ஒழுங்காக இருந்த வண்டி சாயங்காலம் படகு போல ஆடத் தொடங்குவதன் காரணம் இது. அதனால்தான் எண்ணெயை அழுத்தத்தில் வைத்திருக்க நைட்ரஜனை அடைக்கிறார்கள். நல்ல ஷாக்குகளில் இரண்டுக்கும் நடுவே ஒரு மிதக்கும் பிஸ்டனோ ரப்பர் பையோ இருக்கும். பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு உருளை பெரும்பாலும் அந்தக் கேஸுக்கான அறை. வெறும் உருளையைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள்: உள்ளே ஒன்றுமில்லாமல் அழகுக்கு ஒட்டியவையும் சந்தையில் உண்டு.

நைட்ரஜன் டயரில் இருப்பதைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் இருக்கும். பழைய கேஸ் ஷாக்கைத் துளைபோட்டு எண்ணெய் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம். பிரித்து சர்வீஸ் செய்யக்கூடிய வகையா, கேஸ் ஏற்ற அருகில் ஆள் உண்டா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். விலை உயர்ந்த ஷாக்கின் பாதி மதிப்பு அதைத் திரும்பத் திரும்பப் பழுது பார்க்க முடிவதில் இருக்கிறது. அந்த வசதி இல்லாத ஊரில் நடுத்தர விலைக்குள் நிற்பதே புத்திசாலித்தனம்.

பல்சரின் நைட்ராக்ஸ் கேஸ் ஷாக்கை புல்லட்டில் மாட்டலாம் என்கிறார்களே?

மாட்ட வரும் என்பது ஒன்று, பொருந்தும் என்பது வேறு. பல்சர் 150-ஐவிட புல்லட் 350 ஏறத்தாழ 50 கிலோ கனம். இலகுவான வண்டிக்குப் போட்ட ஸ்பிரிங்கில் கனமான வண்டியை நிறுத்தி, மேலே இருவர் ஏறினால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்ன டேப்பே காட்டிவிடும். புஷ் துளை அளவும் மேல், கீழ்ப் பொருத்தும் முறையும் ஒத்துவராவிட்டால் வாஷர் வைத்து ஒப்பேற்றுவார்கள். மலையேறும் வண்டியில் அது வேண்டாத சூது.

ஓர் அங்குலம் உயரமான ஷாக் போட்டால் வேகத்தடையில் வண்டி அடிபடாதே?

அடிபடாது. ஆனால் பின்பக்கம் உயர்ந்தால் முன் போர்க் நிமிரும். ஹேண்டில் சீக்கிரம் திரும்பும், வேகத்தில் நிலையாமை கூடும். செயின் தொய்வின் கணக்கு மாறும், சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகமாகச் சாயும், ஹெட்லைட் தரையைப் பார்க்கும். குட்டையாகப் போட்டால் எல்லாம் எதிர்மாறு. கூடவே டயர் மட்கார்டில் உரசும். கண்ணிலிருந்து கண் வரை, அதாவது மேல் போல்ட் நடுவிலிருந்து கீழ் போல்ட் நடுவரை, கம்பெனி கொடுத்த நீளத்தையே வாங்குங்கள்.

ஷாக் மாற்றினால் ஆர்.டி.ஓ. அபராதம் போடுவாரா?

கேரளத்தில் இந்தப் பயம் நியாயமானது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகவே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ வரலாம். ஆனால் சட்டம் 'மாற்றம்' என்று சொல்வது வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தை. தேய்ந்த ஷாக்குக்குப் பதில் அதே நீளத்தில், அதே போல்ட்டுகளில் இன்னொன்று மாட்டுவது அந்த வகை அல்ல. ஸ்விங் ஆர்மை வெட்டி ஒட்டி, இரட்டை ஷாக் வண்டியை ஒற்றை ஷாக் ஆக்குவது கண்டிப்பாக அந்த வகை. பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள், பழைய ஷாக்கைத் தூக்கி எறியாதீர்கள்.

ஒரு பக்கம் மட்டும் கசிகிறது. ஒன்றை மட்டும் மாற்றலாமா?

கூடாது. ஜோடியாகத்தான்.

மட்டாஞ்சேரிக் காற்றில் ஷாக் சீக்கிரம் கெடுமா?

கெடும். கப்பல் கால்வாய்க்கு அருகில் நிற்கும் வண்டியின் ராடில் உப்புப் படிந்து சிறு துருப்புள்ளிகள் விழும். ஒவ்வொரு அசைவிலும் அந்தப் புள்ளி சீலின் உதட்டைக் கிழிக்கும். கடல் ஏற்றக் காலத்தில் தெருவில் நிற்கும் உவர்நீரில் ஓட்டிவந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவி, ராடைத் துணியால் துடைத்துவிடுங்கள். வாட்டர் சர்வீஸ் குழாயை சீலுக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள். ராடின் குரோம் பூச்சு எவ்வளவு உறுதி, தூசி மறைக்கும் உறை உண்டா என்பதையும் வாங்கும்போது பாருங்கள்; பளபளக்கும் ஸ்பிரிங் நிறத்தைவிட இங்கே அதுதான் முக்கியம்.

மாட்டியதும் மூணாறு கிளம்பலாமா?

வேண்டாம். தோப்பும்படி, வெல்லிங்டன் தீவு என்று உள்ளூரிலேயே சில நாள் ஓட்டுங்கள். பிறகு நான்கு போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கிப் பார்த்து, செயின் தொய்வைச் சரிசெய்து, முழுச் சுமையோடு அந்த மூன்று அளவுகளையும் மறுபடி எடுங்கள். புது ஸ்பிரிங்கும் சீலும் தொடக்கத்தில் கொஞ்சம் இடம் மாறி உட்காரும். நெடுஞ்சாலைக்கு எந்தப் பிரீலோட் படி என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.