உருமி உடையாமல் கணினிக்குள் போக

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளின் அடியில் கேட்கும் உருமி மேளம் நெஞ்சுக்கூட்டையே அதிர வைக்கும். அதையே பதிவுசெய்து வீட்டில் போட்டால், பெரும்பாலும் தகரத்தைத் தட்டியதுபோல் கரகரக்கிறது. கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ ஒத்திகையை மடிக்கணினியில் பதியும் மேளக் குழுவுக்கும் இதே தொல்லை வரும். உடனே மைக்கை மாற்றத் தோன்றும். ஆனால் கோளாறு பலமுறை மைக்கில் இல்லை, சவுண்ட் கார்டுக்குள் ஒலி நுழையும் இடத்தில்தான் இருக்கிறது.

மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தத்தை சவுண்ட் கார்டு நொடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக எழுதுகிறது. 16 பிட் பதிவில் அந்த எண் 32,767ஐத் தாண்ட வழியே இல்லை. உருமியின் ஒரு முகத்தில் வளைந்த குச்சி தேய்க்கும்போது எழும் உறுமல் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். மறுமுகத்தில் அடி விழும் கணம் அப்படியல்ல. சில மில்லி நொடிகளில் அழுத்தம் பல மடங்கு எகிறும். எல்லைக்கு மேலே போன அளவுகள் எல்லாமே 32,767, 32,767, 32,767 என்று ஒரே எண்ணாகப் பதிவாகும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் அலையின் உச்சி தட்டையாகத் தெரியும். 100 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் இரு முனைகளும் இப்படிச் சமமாக நறுக்கப்பட்டால், 300, 500, 700 ஹெர்ட்ஸ் என மேளத்தில் இல்லாத ஒலிகள் புதிதாக முளைக்கின்றன. கரகரப்பு அங்கிருந்துதான் வருகிறது.

பிறகு ஒலியைக் குறைத்தாலும் பயனில்லை. தட்டை உச்சி சின்னத் தட்டை உச்சியாகும், அவ்வளவுதான். தொலைந்த பகுதியை மென்பொருள் ஊகித்து வரையலாமே தவிர மீட்க முடியாது. ஆகவே ஒலி நுழையும்போதே குறைத்து வையுங்கள்.

குறைத்தால் தரம் போய்விடாதா? இந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் கணக்கு நம் பக்கம் நிற்கிறது. ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபெல் என்று 16 பிட்டுக்கு 96 டெசிபெல் கிடைக்கிறது. உச்சிக்கு மேல் 12 டெசிபெல் காலியிடம் விட்டாலும் செலவு 2 பிட்தான். மீதி 84 டெசிபெல். ஒத்திகைக் கூடத்து மின்விசிறியின் இரைச்சலுக்கும் மேளத்தின் முழு ஓசைக்கும் நடுவே அத்தனை இடைவெளி இருப்பது அரிது. 24 பிட்டில் பதிந்தால் இந்தக் கவலைகூட வேண்டாம்.

விண்டோஸின் ஒலி அமைப்பில் மைக்ரோஃபோன் பூஸ்ட் இருந்தால் முதலில் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அதில் 20 டெசிபெல் வைத்தாலே மின்னழுத்தம் 10 மடங்காகிவிடும். ஒலியளவைத் தானாகச் சரிசெய்யும் வசதியையும் அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு அடிக்கும் அது ஒலியை அமுக்கி, இடைவெளியில் இரைச்சலைத் தூக்கிவிடும். அடுத்து, குழுவில் ஓங்கி அடிப்பவரை முழு வேகத்தில் அடிக்கச் சொல்லி, அளவுகாட்டி −12 டெசிபெல் அருகே நிற்கும்வரை உள்ளீட்டைக் குறையுங்கள். சோதனையில் யாரும் முழு மூச்சாக அடிப்பதில்லை. சூடுபிடித்த பிறகு தாளம் இன்னும் ஏறும். அந்த 12 டெசிபெல் அதற்குத்தான்.

அளவுகாட்டி சிவப்பைத் தொடாமலேயே உச்சி தட்டையாக இருக்கிறதா? அப்போது ஒலி கணினிக்கு வருமுன்பே, மைக்கிலோ அதன் பெருக்கியிலோ, உடைந்திருக்கிறது. அங்கே கணினியின் எந்த அமைப்பும் உதவாது. மைக்கைத் தள்ளி வையுங்கள்: திறந்தவெளியில் தூரத்தை இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும், கூடத்துக்குள் சுவர் எதிரொலிப்பதால் குறைவது அதைவிடச் சற்றுக் கம்மி.