வெட்கத்துக்கு ஒரு களம்

பிறர் முன்னிலையில் சொல் தடுமாறும்போதும் செயல் பிசகும்போதும் முகம் சிவந்து, நாக் குழறி, அவ்விடத்தைவிட்டு அகன்றுவிடத் தோன்றும் உணர்வே கூச்சம் எனப்படுகிறது. தீங்கிழைத்தவரைத் தனிமையிலும் வருத்தும் குற்றவுணர்விலிருந்து இது வேறானது. பார்க்கும் கண்கள், அல்லது பார்ப்பதாக எண்ணிக்கொள்ளும் கண்கள், இல்லாமல் கூச்சம் எழுவதில்லை.

கண்டி–மாத்தளை வீதியில் அக்குறணைக்கு அப்பால் அமைந்துள்ள அலவத்துகொடவில், சிங்களம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் அன்றாடம் கலந்து பழகுவதால், மற்றவரின் மொழியில் வாய் திறக்கும் வேளையில் இக்கூச்சத்தை எளிதில் காணலாம். 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007 ஜூலை முதல் அரச சேவையில் சேர்வோர் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. ஆயினும், பிழையாகப் பேசினால் சிரிப்பார்களே என்ற அச்சத்தைச் சட்டத்தால் அகற்ற இயலாது.

அந்த அச்சத்தைக் கையாளும் வழியொன்றை இந்நாட்டின் பழைய வழிபாட்டு மரபே அறிந்திருந்தது. மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர, 1984இல் வெளியான பத்தினித் தெய்வ (கண்ணகி) வழிபாடு பற்றிய தமது நூலில், சிங்களச் சமூகத்தில் 'லஜ்ஜா பய', அதாவது நாணமும் பிறர் பழிக்கு அஞ்சுதலும், பெறும் இடத்தை ஆராய்ந்ததோடு, 'அங்கெலிய' என்னும் கொம்பிழுக்கும் சடங்கையும் விரிவாக விளக்கினார். ஊரார் இரு கட்சிகளாகப் பிரிந்து, ஒன்றோடொன்று கொளுவிய இரண்டு கொம்புகளைக் கயிறு கட்டி இழுப்பர். கொம்பு முறிந்த கட்சியினர், வென்றவர்களின் வசையையும் கேலியையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். மட்டக்களப்புத் தமிழரிடையே கண்ணகி வழிபாட்டோடு இணைந்து, கோவலனுக்குரிய வடசேரியும் கண்ணகிக்குரிய தென்சேரியும் மோதும் கொம்புமுறி விளையாட்டும் இதே மரபைச் சேர்ந்தது.

அன்றாட வாழ்வில் எவரும் தாங்கமாட்டாத அவமானம், அக்களத்தில் தாங்கக்கூடியதாகவும் மகிழத்தக்கதாகவும் மாறியதற்குக் காரணங்கள் உண்டு: அதற்கு எல்லை வகுக்கப்பட்டிருந்தது, தோல்வியைத் தனியொருவர் சுமக்காமல் கட்சி முழுவதும் பகிர்ந்துகொண்டது, அடுத்த முறை நிலை மாறவும் கூடும் என்பதை இரு தரப்பும் அறிந்திருந்தன.

உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வு, பிறர் சிரிப்பார்கள் என்ற அச்சத்தைத் தணிக்க மற்றொரு துணை தருகிறது. அணியக் கூச்சப்படும் படம் பொறித்த சட்டையுடன் அறைக்குள் சென்ற மாணவர்கள், அங்கிருந்தோரில் ஏறக்குறைய பாதிப்பேர் அப்படத்தைக் கவனித்திருப்பர் என்று மதிப்பிட்டபோது, உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசி அளவினரே. நம் பிசகுகள் நாம் அஞ்சும் அளவுக்குப் பிறர் கண்ணில் படுவதில்லை.

ஆகவே, இரண்டாம் மொழி வகுப்புகளில் இரு மொழியினரையும் ஒன்றாக அமர்த்தி, ஒவ்வொருவரும் மற்றவரின் மொழியில் பிழைபடப் பேசி, திருத்தம் பெற்று, சேர்ந்து சிரிக்கும் வாய்ப்பை ஏற்படுத்துவது, தேர்வுத்தாள் தரமுடியாத துணிவைத் தரும். இருவரும் ஒருசேரத் தடுமாறும் இடத்தில் ஏளனத்துக்கு இடமில்லாமற் போவதால், அங்கு எஞ்சும் சிரிப்பு அயலவரை நெருங்கச் செய்யும்.