சீமைக்கருவேலம் மூடிய எரிமலைப் பாறை பூங்காவானது எப்படி? ஜோத்பூரில் நடந்தது இதுதான்!

உங்கள் ஊரில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஒரு பாறைக் குன்றைப் பூங்காவாக மாற்றப்போவதாக அறிவிப்பு வருகிறது. உங்கள் மனதில் என்ன படம் ஓடும்? லாரி லாரியாகக் கொட்டிய செம்மண், புல்தரை, சிமென்ட் நடைபாதை, நடுவே ஒரு செயற்கை நீரூற்று. பல ஊர்களில் நடப்பதும் இதுதான். கடைசியில் பூங்கா இருக்கும், குன்றைக் காணோம்!

ராஜஸ்தானின் ஜோத்பூரில் வேறு வழியில் போனார்கள். மெஹ்ரான்கர் கோட்டையை ஒட்டிச் சுமார் 70 ஹெக்டேரில், அதாவது 170 ஏக்கருக்கும் மேல் பரந்திருக்கிறது 'ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா'. 2006-ல் வேலை தொடங்கி, 2011-ல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இங்கே முதல் வேலை மரம் நடுவது இல்லை, மரத்தை எடுப்பது!

அந்தப் பாறையில் அப்படி என்ன விசேஷம்?

ராவ் ஜோதா என்ற மன்னர் 1459-ல் கோட்டை கட்டத் தேர்ந்தெடுத்த குன்று இது. அதன் கதை அவருக்கும் பல கோடி ஆண்டுகள் மூத்தது. சுமார் 70 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைகள் கக்கிய குழம்பும் சாம்பலும் இறுகி உருவான 'ரையோலைட்' பாறை அது. கோட்டை அடிவாரத்தில் உள்ள இந்த எரிமலைப் பாறை அமைப்பைத் தேசிய புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது இந்தியப் புவியியல் ஆய்வு மையம்.

ஆனால், ஊர்க்காரர்களுக்கு அது முள்ளும் குப்பையும் மண்டிய இடம். அந்த முள் நமக்கும் நன்றாகத் தெரிந்ததுதான். சீமைக்கருவேலம்! ஜோத்பூரில் அதன் பெயர் 'பாவ்லியா'.

அது எப்படி அங்கே வந்தது?

1930-களில் ஜோத்பூர் மன்னர் உமைத் சிங், பாலைவனத்தைப் பசுமையாக்க நினைத்து விமானத்திலிருந்து இதன் விதைகளைத் தூவச் செய்தார் என்று சொல்வார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால், ஆடுமாடுகள் இதன் நெற்றைத் தின்று, போகிற இடமெல்லாம் சாணத்தோடு விதையையும் போட்டன. இலையை மட்டும் அவை அவ்வளவாகத் தொடுவதில்லை. பாறை இடுக்குகளில் வேர்விட்ட மரம், அங்கே காலங்காலமாக வாழ்ந்த செடிகளுக்கு இடம் தராமல் பரவியது.

வெட்டினால் போதாதா?

போதாது. அடிமரத்தில், வேர் தொடங்கும் இடத்தில் இதற்கு மொட்டுகள் உண்டு. மேலே வெட்டினால், ஒரு தண்டுக்குப் பதில் நாலைந்து தண்டுகள் கிளம்பும். மண் தரை என்றால் பொக்லைன் வைத்துப் பிடுங்கலாம். பாறைக்குள் என்ன செய்வது?

மெஹ்ரான்கர் அருங்காட்சியக அறக்கட்டளை இந்தப் பணியை ஒப்படைத்தது பிரதீப் கிருஷணிடம். திரைப்பட இயக்குநராக இருந்து மரங்களின் பக்கம் திரும்பியவர் அவர். அவருக்கு விடை கிடைத்தது 'கண்ட்வாலியா' என்று அழைக்கப்படும் கல் உடைக்கும் தொழிலாளர்களிடம். சுத்தியலால் பாறையைத் தட்டி, எழும் சத்தத்தை வைத்தே அது எங்கே பிளக்கும் என்று சொல்லக்கூடியவர்கள் இவர்கள். உளியும் சுத்தியலும் கொண்டு சுமார் ஒன்றரை அடி ஆழம்வரை பாறையைக் குடைந்து, மொட்டுப் பகுதியோடு வேரை வெளியே எடுத்தார்கள். ஒவ்வொரு மரமாக, கையாலேயே!

மரம் இருந்த குழியே அடுத்த செடிக்கு இடமானது. தார் பாலைவனத்தின் பாறைப் பகுதிகளில் விதை சேகரித்து, நாற்றங்காலில் வளர்த்து, மழைக்காலத்தில் நட்டார்கள். பால் வடியும் 'தோர்' என்ற கள்ளி அதில் ஒன்று. 'குமட்' இன்னொன்று. ராஜஸ்தான் வீடுகளில் செய்யும் 'பஞ்ச்கூட்டா' கறியில் சேர்வது இதன் விதைதான். ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர்கூட மழை பெய்யாத ஊரில் பிழைக்கத் தெரிந்த செடிகள் இவை.

அதனால் இங்கே வருடம் முழுக்கப் பச்சையை எதிர்பார்க்காதீர்கள். மழை முடிந்தபின் போனால் புல்லும் பூவுமாக இருக்கும். கோடையில் போனால் பாறையும் காய்ந்த குச்சிகளும்தான். அந்த நிலத்தின் இயல்பு அது.

இது நம்ம ஊருக்குச் சரிவருமா?

அப்படியே சரிவராது. சீமைக்கருவேலத்தை அகற்ற 2017-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதும், பின்னர் அதற்கு இடைக்காலத் தடை வந்ததும் நினைவிருக்கலாம். ராமநாதபுரம் போன்ற மாவட்டங்களில் விறகும் கரிமூட்டமும் பலருக்குச் சோறு போடுகின்றன. 70 ஹெக்டேரில் உளியால் செய்ததை ஒரு மாவட்டம் முழுக்கச் செய்ய முடியாது. பிடுங்கிய இடத்தில் வேறு செடி நட்டுப் பராமரிக்காவிட்டால், அடுத்த மழைக்கே பழைய முள் திரும்பிவிடும்.

ஆனால், ஊருக்குள் இருக்கும் ஒரு குன்றுக்கோ ஏரிக்கரைக்கோ பூங்காத் திட்டம் வரும்போது நீங்கள் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இங்கே முன்பு என்னென்ன செடிகொடிகள் இருந்தன? எதை அகற்றப் போகிறீர்கள், அது திரும்பி வராமலிருக்க என்ன ஏற்பாடு? திறப்பு விழா முடிந்த பிறகு, ஆண்டுதோறும் பராமரிக்கப் போவது யார்?

திட்ட வரைபடத்தில் நீரூற்று எங்கே என்று தேடுவதற்கு முன்னால், இந்த மூன்றுக்கும் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.