தீவுகளில் நாயும் கடலாமையும்

மைசூர் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 770 மீட்டர் உயரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே அமைந்துள்ளது. கடலைக் காண விரும்பும் மைசூர்வாசி மலையைக் கடந்து மங்களூருக்கோ கோழிக்கோட்டுக்கோ செல்லுதல் வேண்டும். எனினும், நம் நாட்டுத் தீவுகளின் பவழப் பாறைகளையும், கடற்புல் வெளிகளையும், அவற்றை மேயும் பிராணிகளையும் பற்றிய குறிப்பிடத்தக்க ஆராய்ச்சிகள் பல இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டே நடைபெறுகின்றன. 1996-ஆம் ஆண்டில் இங்கு தோன்றிய நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்னும் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள், அரபிக் கடலிலுள்ள இலட்சத்தீவிலும் வங்கக் கடலிலுள்ள அந்தமானிலும் பல்லாண்டுகளாகப் பணியாற்றி வருகின்றனர்.

இவ்விரு தீவுக் கூட்டங்களுக்கும் சென்று வருவோர்க்கு ஒரு வேறுபாடு எளிதில் புலப்படும். அந்தமானில் நாய் உண்டு. இலட்சத்தீவில் நாய் இல்லை. பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் இச்செய்தி, கடலாமையின் முட்டையோடும் மனித உயிரோடும் நெருங்கிய தொடர்புடையது. கடற்கரைப் பகுதிகளில் பணிபுரியும் ஊழியர்களும் ஆசிரியர்களும் இதனை அறிந்திருத்தல் பயனுடைத்து.

இலட்சத்தீவு 36 சிறு தீவுகளின் தொகுதி எனக் கணக்கிடப்பட்டது. மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர் மட்டுமே. பத்துத் தீவுகளில் மக்கள் நிலையாக வாழ்கின்றனர். 2011-ஆம் ஆண்டின் மக்கட் கணக்கெடுப்பில் அவர்கள் தொகை 64,473. ஆடு, கோழி, பூனை ஆகியன இங்குண்டு. எலிக்கோ பஞ்சமே இல்லை; தென்னையின் உச்சியில் ஏறி இளங்காய்களைக் கடித்துத் தள்ளும் எலி, தீவு விவசாயிக்குப் பெருந்தொல்லை. ஆனால் வளர்ப்பு நாயைக் கப்பலேற்றி இத்தீவுகளுக்குக் கொண்டு செல்ல அனுமதி கிடையாது.

நாயில்லாமையின் பயனை அறியப் பிட்டி என்னும் மணல் திட்டை நினைத்தாற் போதும். மரமற்ற அச்சிறு திட்டில் ஆலா இனப் பறவைகள் வெறுந்தரையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. கூடு என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. அத்தகைய இடத்தில் ஒரே ஒரு நாய் இறங்கி ஒரு வாரம் தங்கினாலும் அவ்வாண்டின் குஞ்சுகள் அனைத்தும் அழிந்துபோகக்கூடும்.

மக்கள் நிலையாக வாழாத சுஹேலித் தீவு பேராமை முட்டையிடும் இடமாகப் பெயர் பெற்றது. பச்சை ஆமை என்று நூல்கள் குறிப்பதும் இப்பேராமையே. இந்தியக் கடலாமை ஆராய்ச்சியின் முன்னோடியான சதீஷ் பாஸ்கர் 1982-ஆம் ஆண்டின் பருவமழை மாதங்களில், கப்பலோ படகோ வந்து செல்ல இயலாத அக்காலத்தில், இத்தீவில் தன்னந்தனியாகத் தங்கி ஆமைகளைக் கணக்கிட்டார். மனைவிக்கு எழுதிய கடிதங்களைப் புட்டிகளில் அடைத்துக் கடலில் எறிந்தார். அவற்றுள் ஒன்றை இலங்கைக் கரையில் மீனவர் ஒருவர் கண்டெடுத்து அஞ்சலில் அனுப்பி வைத்தார் என்பது வியப்புக்குரிய செய்தி. நம் நாட்டின் ஆமைக் கடற்கரைகளைப் பற்றி இன்று அறியப்பட்டுள்ளவற்றுள் பெரும்பகுதிக்கு, 2023-ல் மறைந்த இவரது கால்நடைப் பயணங்களே அடிப்படை.

நாயில்லாத் தீவில் ஆமைக்குத் தொல்லையே இல்லை என்று கொள்ளுதல் பொருந்தாது. மரப் படகுகளுக்குப் பூசும் நெய்க்காக ஆமைகள் முன்னர் வேட்டையாடப்பட்டன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அவ்வழக்கம் குறைந்தது. பின்னர் அகத்தித் தீவின் காயலில் பேராமைகள் பெருந்திரளாகக் கூடிக் கடற்புல்லை வேரோடு மேயத் தொடங்கின. ஆமைகளால் மீன் குறைகிறது என மீனவர்கள் முறையிட்டனர். இம்முறையீட்டை வீண்பேச்சென ஒதுக்காமல் மைசூர் ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்தனர். கடற்புல் அழிந்த இடங்களில் அதனை அண்டி வாழும் மீன்களும் குறைந்திருந்ததைக் கண்டனர். கடலில் வாழ்பவன் சொல்வதைச் செவிமடுத்துச் சோதித்தறிந்த இம்முறை பிற துறையினரும் பின்பற்றத்தக்கது.

அந்தமானின் வரலாறு வேறு. 1858-ல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகளின் குடியேற்றத்தை நிறுவும் வரையில் அத்தீவுகளின் ஆதிக்குடிகள் நாய் வளர்த்ததில்லை. குடியேற்றத்துடன் வந்த நாயை அவர்கள் விரைவில் தமதாக்கிக் கொண்டனர். வில்லேந்திப் பதுங்கிச் சென்று காட்டுப்பன்றியை எய்துவந்த வேட்டை, நாயின் துணையால் பெரிதும் எளிதாயிற்று. சிறிய அந்தமானில் வாழும் ஓங்கே மக்களிடையிலும் நாய் வேட்டைத் துணையாயிற்று. பல்லாயிரம் ஆண்டுகளாக நாயை அறியாதிருந்த ஒரு சமுதாயம் சில தலைமுறைகளுக்குள் அதனோடு ஒன்றிவிட்டது மானிடவியலார் பலரின் கவனத்தைக் கவர்ந்த நிகழ்ச்சியாகும்.

இன்றைய தொல்லைக்குக் காரணம் வேட்டை நாய் அன்று. குடியிருப்புகளிலும் சந்தைகளிலும் எறியப்படும் உணவை உண்டு பெருகி, இரவில் கடற்கரைக்குச் செல்லும் உரிமையாளரற்ற நாயே காரணம்.

அந்தமான் நிக்கோபார்க் கரைகளில் தோணியாமை, பேராமை, அலுங்காமை, பங்குனி ஆமை ஆகிய நான்கு வகைகள் முட்டையிடுகின்றன. ஆமைகளுள் மிகப் பெரியதான தோணியாமை, பெரிய நிக்கோபாரின் கலத்தியா விரிகுடாவிலும் சிறிய அந்தமானிலும் கரையேறுகிறது. பெண் ஆமை இரவில் வந்து, பின்னங்கால்களால் குழி தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். அதன்பின் முட்டையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பங்குனி ஆமையின் முட்டை பொரிய 45 முதல் 60 நாட்கள் ஆகும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் உஷ்ணமே தீர்மானிக்கிறது. சுமார் 29 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்டால் பெண் குஞ்சுகள் மிகும்.

இவ்விரண்டு மாத காலத்தில் நாய்க்கு வாய்ப்பளிக்கும் வேளைகள் இரண்டு. முட்டையிட்ட முதல் சில இரவுகளில் குழியின் வாடை புதிதாக இருக்கும். பின்னர், குஞ்சு வெளிவரும் தறுவாயில் வாடை மீண்டும் மேலெழும். உடும்பும் நண்டும் ஆமை முட்டையை உண்பவையே. ஆனால் அவை தொன்றுதொட்டு ஆமைகளோடு வாழ்ந்து வந்தவை. முட்டை குறைந்தால் முட்டையை உண்போரும் குறைவர் என்பது இயற்கையின் நியதி. நாய்க்கு இந்நியதி பொருந்தாது. ஆண்டு முழுவதும் ஊர் அதற்குச் சோறிடுகிறது. முட்டை அதற்குப் பருவகாலத் தின்பண்டம் மட்டுமே. ஆகவே முட்டை எவ்வளவு அருகினாலும் நாயின் தொகை குறைவதில்லை. கடற்கரைக் காவலர் எத்துணை விழிப்புடன் இருந்தபோதிலும், ஊரின் குப்பை திறந்து கிடக்கும் வரை அவர்தம் உழைப்பில் ஒரு பகுதி வீணாகவே செய்யும்.

வனத்துறையினர் கைக்கொள்ளும் முறைகளுள் ஒன்று, முட்டைகளை வேலியிட்ட பொரிப்பகத்துக்கு மாற்றிப் புதைப்பது. வட அந்தமானின் காளிப்பூர்க் கரையிலும் இடை அந்தமானின் கரைகளிலும் இவ்வாறு செய்யப்படுகிறது. இப்பணியில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். நேரம் கடந்தால் கரு முட்டையோட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு இறந்துவிடும். புதுக் குழி பழைய குழியின் ஆழமும் வடிவும் உடையதாயிருத்தல் அவசியம். ஆழம் மாறினால் உஷ்ணமும், உஷ்ணம் மாறினால் ஆண் பெண் விகிதமும் மாறும். இயன்ற இடங்களில் முட்டையை அசைக்காது, குழியின்மேல் கம்பி வலையைப் பதித்து நாயைத் தடுப்பதே மேல். வலையின் கண்கள் குஞ்சு வெளியேறும் அளவினதாக இருக்க வேண்டும்.

தீவிற்கும் நாய்க்கும் உள்ள தொடர்பில் ஆமையைவிட அவசரமான பொருள் மற்றொன்று உண்டு. இந்தியாவில் வெறிநாய்க்கடி நோய் இல்லாத பகுதிகளாகக் கருதப்படுபவை இலட்சத்தீவும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளுமே. இலட்சத்தீவில் நோயைச் சுமக்க நாயே இல்லை. அந்தமானிலோ நாய்கள் நிரம்ப உண்டு. கடல் ஒன்றே மதில். வெறிநோய்க் கிருமி உடலில் புகுந்து குறிகள் தோன்றப் பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும். சில வேளைகளில் அதனினும் நீளும். ஆதலால் கப்பலேறும் நாய் பார்வைக்கு நலமாகவே இருக்கும்.

அம்மதில் எவ்வளவு எளிதில் இடியும் என்பதற்கு இந்தோனேசியாவின் புளோரஸ் தீவு சான்று. 1997-ல் மீன்பிடிப் படகில் வேறொரு தீவிலிருந்து கொண்டுவரப்பட்ட மூன்று நாய்களுடன் அங்கு வெறிநோய் புகுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2008-ல் அந்நாட்டின் பாலித் தீவிலும் அவ்வாறே நோய் பரவியது. நாய்களைக் கொன்று குவித்தும் நோய் அடங்கவில்லை. மக்கள் தம் நாய்களை மறைத்தனர், அன்றி வேற்றூருக்குக் கொண்டோடினர். கொல்லப்பட்டவற்றின் இடத்தைத் தடுப்பூசி இடப்படாத புது நாய்கள் நிரப்பின. பத்தில் ஏழு நாய்க்கேனும் தடுப்பூசி இடுவதே பயன் தரும் வழி என்பது நிபுணர்களின் கருத்து. ஹவாய்த் தீவுகள் 1912-ஆம் ஆண்டு முதல் வெளிநாய்களைத் தனிமைப்படுத்திச் சோதித்து நோயின்றி இருந்து வருகின்றன. துறைமுகத்தில் சீட்டுச் சரிபார்க்கும் ஊழியர் இரக்கம் கொண்டு ஒரு நாய்க்குட்டிக்கு வழி விடுவது அந்தமானில் சிறு குற்றம் ஆகாது.

நாயின் நோய் கடல்வாழ் பிராணிகளையும் தாக்கவல்லது. தமிழில் கடல்நாய் என வழங்கும் சீல் விலங்குகள் இதற்கு எளிதில் இரையாகின்றன. 1987-88-ல் ரஷ்யாவின் பைக்கால் ஏரியில் ஆயிரக்கணக்கான சீல்கள் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்னும் நோயால் மடிந்தன. இத்தகைய அச்சத்தினாலேயே அண்டார்க்டிகாவிலிருந்து நாய்கள் 1994 ஏப்ரல் முதல் தேதிக்குள் அகற்றப்பட வேண்டுமென உலக நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டன. ஆராய்ச்சி முன்னோடிகளின் பனிச்சறுக்கு வண்டிகளை அதுவரை இழுத்து வந்தவை அந்நாய்களே.

நாயைக் குற்றவாளிக் கூண்டில் மட்டும் நிறுத்துவது நேர்மையாகாது. ஆஸ்திரேலியாவில் வார்னம்பூல் நகரை ஒட்டிய மிடில் தீவில் சிறிய பென்குவின் பறவைகள் வாழ்ந்து வந்தன. கடல் வற்றும் வேளையில் நரிகள் நடந்தே தீவை அடைந்து அவற்றைக் கொன்றன. சில நூறாக இருந்த தொகை 2005-ஆம் ஆண்டளவில் பத்துக்கும் கீழே வந்துவிட்டது. தம் கோழிகளை மரெம்மா என்னும் இத்தாலிய மேய்ச்சல் நாய்களால் காத்துவந்த குடியானவர் ஒருவர், அந்நாய்களையே தீவில் காவலிருத்தலாம் என்று யோசனை கூறினார். 2006 முதல் அவ்வாறே செய்யப்பட்டது. நாய் காவலிருந்த பருவங்களில் நரி அணுகவில்லை, பென்குவின்களும் பெருகின. குட்டிப் பருவம் முதல் பறவைகளோடு பழக்கி, பொறுப்பாளர் ஒருவரின் கண்காணிப்பில் வைத்ததே இவ்வெற்றிக்குக் காரணம். தெருநாயைப் பிடித்துத் தீவில் விட்டால் இப்பயன் கிட்டாது.

தமிழ்நாட்டுக் கடற்கரையில் பங்குனி ஆமை கரையேறும் காலம் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச்சு வரை. சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் இரவு நடையாகச் சென்று முட்டைகளைக் காத்து வருகின்றனர். இத்தகைய நடைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், முன்னரே வனத்துறையினரின் அனுமதியைப் பெறுதல் வேண்டும். ஆமையையோ முட்டையையோ தொடுவது சட்டப்படி குற்றம். கரையேறும் ஆமையின் முன்னே நிற்றலாகாது. முட்டையிடத் தொடங்கும் வரை பின்புறமாகத் தொலைவில் அமர்ந்திருக்க வேண்டும். கைவிளக்கின் முகப்பைச் சிவப்புத் துணியால் மூடிக்கொள்ளலாம். வீட்டு நாய் உடன் வருவதாயின் கயிற்றை அவிழ்க்கலாகாது. ஆமைப் பருவத்தில் அதனை வீட்டிலேயே விட்டு வருவது இன்னும் நன்று. உணவுப் பொட்டலத்தின் மிச்சத்தை மணலில் புதைக்கும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும்; நாய்க்கு அங்கே தோண்டக் கற்றுக்கொடுப்பது அதுவே.

மாணவர் எவரையேனும் நாய் கடித்துவிட்டால், காயம் சிறிதாயினும், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனையில் தடுப்பூசி போடுவித்தல் வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதனையும் காயத்தில் அப்புதல் கூடாது. கடற்கரையை அடுத்துள்ள பள்ளியாயின், குஞ்சு பொரிக்கும் மாதங்களில் கடலை நோக்கியுள்ள விளக்குகளை இரவில் அணைத்து வைக்கலாம். கடலின் மங்கிய ஒளியை நோக்கிச் செல்ல வேண்டிய குஞ்சுகள் மின்விளக்கை நோக்கி ஊர்க்குள் திரும்பும்போது, தெருநாய்களுக்கு அவை தோண்டாமலே கிடைத்துவிடுகின்றன.