எண்ணெயில் நீந்தும் டோனர்

போன வருஷம் அப்பாவின் பழைய கடிதங்களை எல்லாம் தட்டச்சு செய்து, உறவினர்களுக்குக் கொடுப்பதற்காக 40 பிரதிகள் மட்டும் புத்தகமாகப் போட்டேன். அட்டை முழுக்கக் கருநீலம். கைக்கு வந்தபோது நன்றாகத்தான் இருந்தது. இரண்டே வாரத்தில் முதுகு மடிப்பில் நீலம் வெடித்து, அடியில் இருந்த வெள்ளை கோடு கோடாகத் தெரிய ஆரம்பித்தது. அச்சகத்தில் போய்க் கேட்டேன். மெஷினில் நின்ற தம்பி அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "டோனர் சார், மடிப்புல அப்படித்தான் வரும். இண்டிகோல ஓட்டியிருந்தா இவ்ளோ வெடிக்காது. அது லிக்விட் டோனர்."

இண்டிகோ என்றதும் எனக்கு விமானம்தான் ஞாபகம் வந்தது. அதை விடுங்கள். டோனர் என்றாலே பொடிதானே, அதில் லிக்விட் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியோடு சில வாரம் இரவு நேரங்களில் பழைய காப்புரிமை ஆவணங்களையும் கட்டுரைகளையும் படித்துக்கொண்டிருந்தேன். புரிந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் பொடிக் கதை. 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் ஒரு சின்ன வாடகை அறையில் செஸ்டர் கார்ல்சனும் அவருடைய உதவியாளர் ஓட்டோ கோர்னையும் ஒரு துத்தநாகத் தகட்டில் கந்தகம் பூசினார்கள். கைக்குட்டையால் தேய்த்து அதில் மின்னூட்டம் ஏற்றினார்கள். தேதியும் இடப்பெயரும் எழுதிய கண்ணாடிச் சில்லை மேலே வைத்து வெளிச்சம் காட்டினார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் மின்னூட்டம் வடிந்துவிடும், எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் தங்கும். அதன்மேல் லைக்கோபோடியம் என்ற தாவரத்தின் வித்துத்தூளைத் தூவி ஊதினால், தூள் எழுத்தில் மட்டும் ஒட்டி நின்றது. மெழுகுத்தாளை அதன்மேல் அழுத்திச் சூடாக்கியதும் முதல் நகல் கிடைத்துவிட்டது. இன்று உங்கள் மேசையில் இருக்கும் லேசர் பிரிண்டரும் இதையேதான் செய்கிறது. கந்தகத்துக்குப் பதில் ஒளிக்கடத்தி டிரம், கைக்குட்டைக்குப் பதில் சார்ஜ் ரோலர், வித்துத்தூளுக்குப் பதில் பிளாஸ்டிக்கும் நிறமியும் சேர்த்த பொடி. அவ்வளவுதான்.

அந்தப் பொடியின் ஒரு துகள் இன்று சுமார் 5 முதல் 10 மைக்ரான் வரை இருக்கும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் இது சிறியதுதான். ஆனால் ஆஃப்செட் அச்சில் காகிதத்தின் மேல் படியும் மையின் மொத்தக் கனமே ஏறத்தாழ 1 மைக்ரான்தான். பொடி உருகிப் படிந்தால் ஒரு நிறத்துக்கே சில மைக்ரான் வந்துவிடும். கருநீலம் மாதிரி இரண்டு மூன்று நிறம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறினால் இன்னும் கனம். காகிதம் மடியும், அதன்மேல் ஓடு மாதிரி உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் அவ்வளவு சுலபமாக மடியாது. என் அட்டை வெடித்தது இப்படித்தான் என்று அப்போது நினைத்தேன்.

அப்படியானால் பொடியை இன்னும் அரைத்துச் சன்னமாக்கினால் என்ன? இங்கேதான் சிக்கல். துகள் சிறியதாக ஆக, அதை இழுக்கும் மின்விசை ஏறத்தாழ விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. பரப்போடு ஒட்டிக்கொள்ளும் விசையோ விட்டத்துக்கு நேர் விகிதத்தில்தான் குறைகிறது. ஒரு கட்டத்துக்குக் கீழே ஒட்டும் விசை ஜெயித்துவிடும். பிறகு மின்புலம் எவ்வளவு இழுத்தாலும் துகள் இருந்த இடத்தை விட்டு நகராது. போதாததற்கு 1 மைக்ரான் தூள் காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். மெஷினுக்குள் போகிறதோ இல்லையோ, ஆபரேட்டரின் நுரையீரலுக்குள் போய்விடும்.

காற்றில் தூவ முடியாததை ஒரு திரவத்துக்குள் நீந்த விடலாமே என்று 1950களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், ராணுவத் தேவைகளுக்கான ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த கென் மெட்காஃபும் பாப் ரைட்டும் செய்து காட்டினார்கள். வரைபடங்கள் அச்சிட அது உதவியது. மின்னூட்டமுள்ள துகள்கள் திரவத்தில் மின்புலத்தின் திசையில் நகர்வதற்கு எலெக்ட்ரோபோரெசிஸ் என்று பெயர். டிஎன்ஏ சோதனையில் ஜெல்லுக்குள் நடப்பதும் இதே விஷயம்தான்.

எந்தத் திரவம் என்பதுதான் அடுத்த கேள்வி. என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்த பகுதியும் இதுதான். தண்ணீர் ஆகாது. அது மின்சாரத்தைக் கடத்தும், டிரம்மில் எழுதிய மின்னூட்டப் படம் கண் இமைக்கும் முன் கரைந்து போய்விடும். எனவே மின்சாரம் கடத்தாத எண்ணெய் வேண்டும். ஐசோபாரஃபின் என்ற, அதிக வாசனை இல்லாத, கறை வைக்காமல் ஆவியாகும் பெட்ரோலிய வகையைப் பயன்படுத்துகிறார்கள். சரி, மின்சாரமே கடத்தாத எண்ணெய்க்குள் துகளுக்கு மின்னூட்டம் எப்படி வரும்? உப்பு தண்ணீரில் கரைகிறது, எண்ணெயில் கரைவதில்லை. ஏன்? ஒரு நேர்மின் அயனியும் எதிர்மின் அயனியும் ஒன்றையொன்று இழுக்கும் ஆற்றல், அறை வெப்பத்தின் குலுக்கலுக்குச் சமமாகும் தூரம் ஒன்று உண்டு. பெயெர்ரம் நீளம் என்பார்கள். தண்ணீரில் அது 0.7 நானோமீட்டர். கொஞ்சம் விலகினாலே அயனிகளுக்கு விடுதலை. ஹைட்ரோகார்பன் எண்ணெயில் சுமார் 28 நானோமீட்டர். அயனியின் அளவோ அரை நானோமீட்டருக்கும் குறைவு. 28 வரை போகும் முன்பே ஜோடி மறுபடி சேர்ந்துவிடும். ஆக எண்ணெயில் தனி மின்னூட்டம் என்பதே இயற்கைக்குப் பிடிக்காத ஒன்று.

இதற்கு வழி சோப்பு மாதிரியான மூலக்கூறுகள். சோப்புக்கு ஒரு தலை, ஒரு வால். எண்ணெயில் போட்டால் தலைகள் உள்பக்கமாகக் கூடிக்கொண்டு, வால்களை வெளியே நீட்டிச் சின்னப் பந்தாகச் சுருண்டுவிடும். தண்ணீரில் நடப்பதற்கு நேர் தலைகீழ். அந்தப் பந்தின் வயிற்றுக்குள் ஒரு அயனி உட்கார்ந்துகொண்டால், எதிர் மின்னூட்டம் அதை நெருங்க முடியாது. டோனர் துகளின் பரப்பில் ஒரு மின்னூட்டம், அதன் ஜோடி இந்தப் பந்துக்குள் பத்திரமாகத் தனியே. இப்படிப்பட்ட பொருளை சார்ஜ் டைரக்டர் என்கிறார்கள். காப்புரிமைகளில் அடிக்கடி வரும் ஒரு பெயர் லெசித்தின். சாக்லேட் உறையின் பின்பக்கம் பாருங்கள், சோயா லெசித்தின் என்று இருக்கும். அதே சரக்கு!

1970களில் ரிக்கோ தயாரித்து அமெரிக்காவில் சேவின் பெயரில் விற்ற நகல் இயந்திரங்கள் திரவ டோனரில்தான் ஓடின. விலை குறைவு, ஆனால் காகிதத்தோடு எண்ணெயும் கொஞ்சம் வெளியே வரும். எண்ணெயைக் காகிதத்துக்கு முன்பே கழற்றிவிட வேண்டும் என்பதைத் தன் முழு வேலையாக எடுத்துக்கொண்டவர் பென்னி லாண்டா. போலந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, இஸ்ரேலில் குடியேறியவர். 1977-ல் இண்டிகோவைத் தொடங்கினார். 1993-ல் பர்மிங்காமில் நடந்த ஐபெக்ஸ் கண்காட்சியில்தான் ஈ-பிரிண்ட் 1000 என்ற முதல் வண்ண அச்சு இயந்திரம் வெளியே வந்தது. கணக்குப் போட்டால் 16 வருஷம். 2002-ல் எச்பி அதை வாங்கியது.

அவருடைய துகள்கள் உருண்டை இல்லை. எத்திலீன் வகைப் பிளாஸ்டிக்கைச் சூடான எண்ணெயில் ஊறவைத்து உப்ப வைக்கிறார்கள். பிறகு நிறமியோடு மணிக்கணக்கில் அரைத்தால், 1 முதல் 2 மைக்ரான் அளவில், சுற்றிலும் தும்பு தும்பாக நீட்டிக்கொண்டிருக்கும் துகள்கள் கிடைக்கின்றன. தென்னை நாரைக் கசக்கிய மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தும்புகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் என்பதுதான் முக்கியம்.

லேசர் டிரம்மில் படத்தை எழுதுகிறது. மை உருளை எண்ணெயை முடிந்தவரை பிழிந்துவிட்டு, களி மாதிரி கெட்டியான மையை டிரம்மில் வைக்கிறது. அங்கிருந்து படம் சுமார் 100 டிகிரியில் சூடாக இருக்கும் ரப்பர் பிளாங்கெட்டுக்கு மாறுகிறது. அந்தச் சூட்டில் மிச்ச எண்ணெய் ஆவியாகப் போகிறது (அதைக் குளிரவைத்துப் பிடித்து மறுபடி பயன்படுத்துகிறார்கள்), துகள்கள் உருகிச் சேர்ந்து ஒரு மெல்லிய தோலாகின்றன. பால் மேல் ஆடை படிவதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தோல் குளிர்ந்த காகிதத்தைத் தொட்ட கணமே இறுகி ஒட்டிக்கொள்கிறது, பிளாங்கெட்டிலிருந்து முழுசாக உரிந்து வருகிறது. காகிதத்துக்குள் ஊறவே ஊறாது. நிறத்துக்கு 1 மைக்ரான் கனம் என்பதால் பளபளப்பான காகிதத்தில் பளபளப்பாகவும், மங்கலான காகிதத்தில் மங்கலாகவும் தெரியும்.

முழுசாக உரிந்து வருவது சின்ன விஷயமில்லை. ஆஃப்செட்டில் மை எப்போதும் இரண்டாகப் பிளக்கும். பாதி காகிதத்துக்கு, பாதி பிளாங்கெட்டிலேயே. அடுத்த சுற்றில் அதே படம் வருவதால் பாதகமில்லை. இங்கே பிளாங்கெட்டில் எதுவும் மிஞ்சவில்லை, அதனால் அடுத்த சுற்றில் வேறு படம் வரலாம். ஒரே டிரம் முதல் சுற்றில் மஞ்சள், அடுத்ததில் சிவப்பு, பிறகு நீலம், கறுப்பு என்று எழுதுவதே இந்த நம்பிக்கையில்தான். எங்கள் பாஷையில் சொன்னால், முந்தைய அழைப்பின் எச்சம் எதுவும் மிஞ்சாத ஃபங்ஷன். ஆளுக்கொரு பெயர் போட்ட கோகோ கோலா பாட்டில் லேபிள்கள் ஐரோப்பாவில் இப்படித்தான் அச்சானவை. என் 40 பிரதிகள் போன்ற வேலைக்குத் தட்டு செய்யும் செலவு இல்லாததும் இதனால்தான்.

ஆனால் அந்தத் தோல்தான் தலைவலியும். கண நேரத்தில் ஒட்ட வேண்டும் என்பதால் காகிதம் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொள்ளாத காகிதத்தில் செலோ டேப்பை ஒட்டி இழுத்தால் படமே டேப்போடு வந்துவிடும். அதற்காகவே பிரைமர் பூசிய காகிதங்கள் விற்கிறார்கள்.

இன்னொன்று மறுசுழற்சி. பழைய காகிதத்தைக் கூழாக்கி, சோப்புத் தண்ணீரில் காற்றுக் குமிழி விட்டு மையை மிதக்கவைத்து நீக்குவார்கள். மை உடைந்து சரியான அளவுத் துகளானால்தான் குமிழியோடு மேலே வரும். உலர்ந்த டோனர் நன்றாகவே உடைகிறது. திரவ டோனரின் தோலோ வளைந்து கொடுக்கும், எளிதில் உடையாது. பெரிய பெரிய சில்லாகத் தங்கி, புதுக் காகிதத்தில் புள்ளியாக வரும். மை நீக்கும் தொழிற்துறையின் சர்வதேச அமைப்பான இங்கெடே இதைப் பல வருஷமாகச் சொல்லிவருகிறது. எச்பி தன் தரப்பு ஆய்வுகளைக் காட்டி மறுத்தது. இரண்டு கட்டமாகச் சுத்தம் செய்யும் ஆலைகள் சமாளிக்கலாம் என்பதும் உண்மை. ஆனாலும் படித்தவரையில் எனக்கு ஆலைக்காரர்களின் பக்கம்தான் நியாயம் அதிகம் தெரிகிறது. மடிப்பில் வெடிக்காதது கூழிலும் உடையாது. ஒரே குணம்தானே!

இதையெல்லாம் படித்துவிட்டு மறுபடி அச்சகத்துக்குப் போனேன். அதே அட்டையை இரண்டு விதமாகவும் அச்சடித்துத் தரச் சொல்லி, தம்பியோடு உட்கார்ந்து மடித்துப் பார்த்தோம். லிக்விட் குறைவாக வெடித்தது, ஆனால் வெடிக்காமல் இல்லை. பிறகு அவர் இரண்டையும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். காகிதத்தின் நார் ஓடும் திசையை கிரெய்ன் என்பார்கள். அது முதுகுக்கு இணையாக ஓட வேண்டும், என் அட்டையில் குறுக்கே ஓடியிருந்தது. திசையை மாற்றி, மடிப்புக்கு முன் க்ரீஸிங் போட்டு, பழைய பொடி டோனரிலேயே ஒன்று அடித்துக் கொடுத்தார். அதன் முதுகில் இன்றுவரை ஒரு கீறல் இல்லை.