தொப்பூர் இறக்கத்தில் நடக்கும் தேர்வு

தருமபுரியிலிருந்து பள்ளிக்குக் காரில் வரும்போது, தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டிக்கொண்டே வருவது என் வழக்கமாக இருந்தது. பெட்ரோல் மிச்சம் என்று நினைப்பு. சென்ற மழைக்காலத்தில் சாலை வழுக்கியதால் இரண்டு நாள் பயந்து கியரிலேயே இறங்கினேன். இரண்டாம் நாள் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தது.

மெக்கானிக் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தார். "பின்னாடி ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார்" என்றார். எனக்கு ஒரு சந்தேகம். புகையைப் பற்றிக் கணினிக்குச் சொல்வதே சென்சார்தான். அது தவறாகச் சொல்கிறது என்று கணினிக்கு எப்படித் தெரிந்தது?

மேல்நிலை வகுப்பில் நாம் நடத்தும் மின்வேதிக் கலம்தான் இந்தச் சென்சார். சிர்கோனியா பீங்கானின் ஒரு பக்கம் 21 விழுக்காடு ஆக்சிஜன் உள்ள வெளிக்காற்று, மறுபக்கம் புகை. பீங்கான் நன்கு சூடானதும் ஆக்சிஜன் அயனிகள் அதன் வழியே நகரும். புகையில் ஆக்சிஜன் மிகக் குறைவு என்றால் சுமார் 0.9 வோல்ட், மிகுதி என்றால் சுமார் 0.1 வோல்ட்.

வினையூக்கி மாற்றிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சென்சார்கள் உண்டு. இரண்டையும் சூடேற்றும் கம்பியில் மின்சாரம் சரியாகப் பாய்கிறதா என்பதைக் கணினி எளிதாகப் பார்த்துவிடும். முன் சென்சாரைச் சோதிப்பதும் சிரமமில்லை. பெட்ரோலைக் கணினியே சற்றுக் கூட்டிக் குறைக்கும். அதற்கேற்ப மின்னழுத்தம் விரைவாக ஏறி இறங்க வேண்டும். சென்சாருக்கு வயதானால் தாமதிக்கும்.

பின் சென்சார்தான் சிக்கல். மாற்றி ஆக்சிஜனைத் தேக்கி வைத்து விடுவதால், அங்கே மின்னழுத்தம் பெரிதாக மாறாது. செத்துப்போன சென்சாரும் மாறாத கோட்டைத்தான் காட்டும். வகுப்பில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் பையனுக்குப் பாடம் புரிந்ததா, கண்ணைத் திறந்தபடி தூங்குகிறானா என்று பார்த்ததும் சொல்ல முடிகிறதா என்ன? கேள்வி கேட்டாக வேண்டும்.

கணினியும் கேட்கிறது, தனக்கு விடை தெரிந்த கேள்வியாக. கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றும். கணினி பெட்ரோலை முழுவதும் நிறுத்திவிடும். புகைக்குழாயில் வெறும் காற்று. மாற்றி நிரம்பியதும் பின் சென்சாரின் மின்னழுத்தம், குறித்த நேரத்துக்குள் பூஜ்யத்தை நெருங்க வேண்டும். இறங்காவிட்டால் பிழை. ஒருமுறை தவறினால் பெரும்பாலும் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் தவறினால் விளக்கு எரியும். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பி.எஸ்.6 விதிகளின்படி இத்தகைய சுயபரிசோதனை கட்டாயம்.

நியூட்ரலில் இன்ஜின் தானே சுழல வேண்டியிருப்பதால் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும். ஆக, நான் எதையும் மிச்சம் பிடிக்கவில்லை. தேர்வு நடக்கவும் விடவில்லை. அதைவிட மோசம், இன்ஜினின் இழுவை இல்லாமல் முழுப் பாரத்தையும் பிரேக் மேல் போட்டிருக்கிறேன். பிரேக் சூடேறினால் பிடிப்பு குறையும். அதுவும் லாரிகள் கவிழ்ந்து கிடப்பதை நாம் அடிக்கடி பார்க்கும் இந்தக் கணவாயில்!

புதிய சென்சார் மாட்டியதும் மெக்கானிக் ஸ்கேனரோடு உடன் வந்தார். மூன்றாவது கியரில் இறங்கியபடி காலை எடுத்தேன். திரையில் 0.7 என்றிருந்த எண் சட்டென விழுந்து 0.05-இல் நின்றது.