காவற்காட்டு வழி

பண்டைத் தமிழர் அரணை நான்காகப் பகுத்தனர். நீரரண், நிலவரண், மலையரண், காட்டரண் என்பன அவை. திருக்குறளில் அரண் என்னும் அதிகாரத்திலும் இந்நான்கும் எண்ணப்பெற்றுள்ளன. இவற்றுள் காட்டரணுக்கு மிளை என்றும் காவற்காடு என்றும் பெயருண்டு. மதிலும் அகழியும் இன்றும் பல ஊர்களில் காணக்கிடக்கின்றன. காவற்காட்டைக் காண்டல் அரிது. ஆதலின், அது நூலில் மட்டுமே வாழ்ந்த பொருள் என மாணவர் கருதுதல் கூடும். அங்ஙனமன்று. ஏறத்தாழ 250 ஆண்டுகட்கு முன்வரை அரியலூர், உடையார்பாளையம் என்னும் இரு பாளையங்களுக்கும் பெருங்காவலாய் நின்றது காடேயாகும்.

இவ்வூர்கள் முன்னாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சார்ந்தவை. 1995 இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. 2007 இல் அரியலூர் அதனின்று பிரிந்தது. பெரம்பலூர்ப் பக்கத்தில் கரிசல் நிலம் மிகுதி. கிழக்கே உடையார்பாளையம், செயங்கொண்டம் நோக்கிச் செல்லச் செல்லச் செம்மண் மேடுகள் தோன்றும். அம்மேடுகளில் களா, காரை, சூரை முதலிய முட்புதர்கள் நெருங்கி வளர்வன.

பாளையக்காரர் இத்தகைய காட்டை அழியவிடாது பேணினர். வெட்டாமல் விட்ட காடு வளர்ந்து, பின்னிப் பிணைந்து, ஆள் நுழையாத வேலியாயிற்று. உள்ளே செல்வதற்கு ஒடுங்கிய வழிகள் சில இருந்தன. அவை நேராகச் செல்லா. வளைந்து வளைந்தே செல்லும். ஆங்காங்கே மண்சுவரும் பள்ளமும் அமைத்துத் துப்பாக்கி ஏந்திய காவலர் நின்றனர். வழியறியாதான் எத்துணை வலியனாயினும் அங்குச் சிறியனே. 18 ஆம் நூற்றாண்டின் போர்களை எழுதிய இராபர்ட்டு ஓர்ம் என்னும் ஆங்கிலேயர், இவ்விரு பாளையங்களின் காடுகளைத் தம் நூலிற் குறித்துள்ளார்.

பீரங்கி பூட்டிய படைக்குக் காடு ஏன் அஞ்சத்தக்கதாயிற்று? இன்று செம்மண் தடத்தில் ஜீப்பு ஓட்டிச் செல்வோர் இதனை ஒருவாறு உணரலாம். தார்ச்சாலையில் சில நிமிடங்களிற் கடக்கும் தொலைவிற்கு அங்கே அரைமணி நேரம் ஆகும். வண்டிச் சக்கரங்கள் அறுத்த பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் வண்டி ஒருபுறம் சாயும். ஓடை மணலில் இறங்கினாலோ சக்கரம் சுழலுமேயன்றி வண்டி நகராது. மழை பெய்துவிட்டால் சொல்ல வேண்டுவதில்லை. வளைவுக்கு அப்பால் யாது உளது என்பது தெரியாது; திரும்புதற்கும் இடமிராது. பொறியின் ஆற்றலுடைய ஊர்திக்கே இந்நிலையாயின், மாடுகள் இழுத்த பீரங்கி வண்டிகள் பட்ட பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ! (காப்புக்காட்டிற்குள் ஊர்தி செலுத்த வனத்துறையின் இசைவு வேண்டும் என்பதை இளைஞர் மறத்தலாகாது.)

சிவகங்கைச் சீமையில் 1801 இல் நிகழ்ந்தது இதற்கு நல்ல சான்று. மருது சகோதரர்களை வெல்ல எண்ணிய ஆங்கிலேயர், சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டி வழியமைக்க முற்பட்டனர். ஏறக்குறைய ஒரு திங்கள் உழைத்தும் வழி முடிந்தபாடில்லை. அம்முயற்சியைக் கைவிட்டு மீண்டனர். பின்னர், அக்டோபர் முதல் நாளில், வேறு வழிகளிற் புகுந்தே காளையார்கோவிலைக் கைப்பற்றினர்.

அரியலூர்க் காடும் உடையார்பாளையக் காடும் அதற்கு முன்பே வலியிழந்தன. 1765 இல் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியின் படை இரு பாளையங்களையும் கைக்கொண்டது. காடு பகைவனைத் தாமதிக்கச் செய்யுமேயன்றி என்றும் தடுத்து நிறுத்தாது போலும். ஆயினும், காட்டை முற்ற அழித்தது பகைவர் கோடரி அன்று. உழவும் விறகு வாணிகமுமே பெரிதும் அழித்தன. ஜமீன் ஒழிப்பு நெருங்கிய காலத்தில் சென்னை மாகாணத்தின் ஜமீன்தார் பலர் தம் காடுகளை வெட்டி விற்கத் தலைப்பட்டனர். அதனைத் தடுக்கவே 1949 இல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

பெரம்பலூருக்கு வடக்கே நெடுஞ்சாலையோரம் இரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. 1751 இல் வாலிகண்டபுரத்தில் நடந்த போரோடு தொடர்புடையது அது. கல்லாலான அவ்வரணைத் தொல்லியல் துறை காத்து வருகிறது. மரத்தாலான அரணுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. உடையார்பாளையம், ஆண்டிமடம் பக்கங்களில் இன்று செம்மண் மேடுகளை நிறைத்திருப்பவை பெரும்பாலும் முந்திரித் தோப்புகளும் தைலமரங்களும் ஆகும். அவற்றினிடையே ஆங்காங்கு வளைந்து செல்லும் ஒற்றைத் தடங்களில் மாட்டுவண்டி சென்ற சுவடும், டிராக்டர் சென்ற சுவடும் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்து கிடக்கின்றன.